பணம் அடுத்த விமானத்தில் வரட்டும்

(முடிச்சூரில் நடந்த குடியிருப்போர் கூட்டமொன்றில், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் 'தாயகம் திரும்புவோரும் ஓய்வுக்காலச் சேமிப்பும்' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகை மாதிரி கனமாக இருக்கிறது. விஷயம் அவ்வளவு கனமில்லை. இருபது வருஷம், முப்பது வருஷம் வெளியே உழைத்துச் சேர்த்த காசை எந்தத் தேதியில், எந்தக் கணக்கு வழியாக, எந்த வரிசையில் ஊருக்குக் கொண்டுவருவது? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஏறுகிற விமானத்தில் பணமும் ஏற வேண்டும் என்ற அவசியம் கிடையாது. சில பணம் உங்களுக்கு முன்பே வந்துவிட வேண்டும். சிலது இரண்டு வருஷம் கழித்து வரலாம். சிலது வராமல் அங்கிருந்தபடியே மாதாமாதம் உங்களுக்குச் சோறு போடலாம். இதைப் பிரித்துப் பார்க்காமல் 'எல்லாத்தையும் முடிச்சுக்கிட்டு வந்துட்டேன் சார்' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு வங்கிக்கு வந்தவர்கள்தான் என் சர்வீஸில் அதிகம் நஷ்டப்பட்டவர்கள். அந்நியச் செலாவணிப் பிரிவு மேஜையில் உட்கார்ந்தவன் என்பதால் எதற்கும் தேதி கேட்பது எனக்குப் பழக்கதோஷம். இன்றைக்கும் கேட்பேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தமிழர்கள் வெளிநாட்டுச் சேமநல நிதியோடு ஊர் திரும்பியது கல்ஃபில் தொடங்கிய கதை இல்லை. 1964 அக்டோபர் 30ஆம் தேதி சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட ஒப்பந்தம் உங்களுக்கு நினைவிருக்கும். இலங்கையின் இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று மனிதர்களை மூட்டை மாதிரி பங்கு போட்ட ஒப்பந்தம். எண்ணிக்கையைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அதே ஒப்பந்தத்தில் பணத்தைப் பற்றியும் ஒரு பிரிவு உண்டு. அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. திரும்புகிறவர்கள் தங்கள் சேமநல நிதி, பணிக்கொடை உட்பட எல்லாச் சொத்தையும் இலங்கையின் செலாவணி விதிகளுக்கு உட்பட்டுக் கொண்டுவரலாம். குடும்பத்துக்கு இவ்வளவுதான் என்று இலங்கை அரசு வரம்பு கட்டினாலும், அந்த வரம்பு 4,000 ரூபாய்க்குக் கீழே போகக் கூடாது. இரண்டு தலைமுறை கொழுந்து பறித்த குடும்பத்துக்கு அரசாங்கங்கள் பேசி வாங்கித் தந்த உத்தரவாதம் அவ்வளவுதான். தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் இறங்கி, நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டத்தில் மறுபடி கூடையைச் சுமந்தார்கள்.

பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கு அந்த 4,000கூட இல்லை. அதே 1964 மார்ச்சில் நெ வின் அரசு கடைகளைத் தேசியமயமாக்கியது. மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. வங்கியை நம்பாமல் பெட்டியில் கட்டாக வைத்திருந்தவர்களின் கதி என்னவாகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். 2016 நவம்பர் நமக்கும் மறந்துவிடவில்லை. பாரிமுனைப் பக்கம் பர்மா பஜார் என்று வரிசையாகக் கடை போட்டவர்கள் அப்படி வெறுங்கையோடு வந்தவர்கள். அவர்களுக்கும் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கும் கடன் கொடுக்கத்தான் 1969இல் ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது.

இதை ஏன் இங்கே இழுக்கிறேன் என்றால், அவர்களுக்குத் திரும்பும் தேதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கவில்லை. கப்பல் எப்போது என்று யாரோ சொன்னார்கள், ஏறினார்கள். உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. நீங்களோ பிள்ளையின் பள்ளி அட்மிஷனையும் கிரகப்பிரவேச முகூர்த்தத்தையும் பார்த்துத் தேதி குறிக்கிறீர்கள். ஜோசியரைக் கேட்கிற அளவுக்கு ஆடிட்டரைக் கேட்பதில்லை.

சரி, தேதிக்கு வருவோம். ஊர் திரும்பும் ஒருவரை இரண்டு சட்டங்கள் பார்க்கின்றன. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், 1999, அதாவது ஃபெமா, உங்கள் எண்ணம் என்ன என்று கேட்கிறது. இனி இங்கேதான் என்ற முடிவோடு மீனம்பாக்கத்தில் இறங்கிவிட்டால், அன்றிலிருந்தே அந்தச் சட்டத்துக்கு நீங்கள் ரெசிடென்ட். வருமான வரிச் சட்டத்துக்கு உங்கள் எண்ணத்தில் அக்கறை இல்லை. அது நாளை எண்ணும். ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான ஆண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இங்கே இருந்தால் ரெசிடென்ட். அல்லது அந்த ஆண்டில் 60 நாளும் அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாளும் இருந்தாலும் ரெசிடென்ட். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன. இந்த நாள் கணக்கு மாறவில்லை.

வெளியே வசிக்கும் என்.ஆர்.ஐ.க்கும் முழு ரெசிடென்ட்டுக்கும் நடுவே வரிச் சட்டம் ஒரு திண்ணை கட்டி வைத்திருக்கிறது. வெளியூர்க்காரரும் இல்லை, வீட்டுக்குள்ளும் வந்துவிடவில்லை, திண்ணையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆங்கில எழுத்துகளைச் சுருக்கி ஆர்.என்.ஓ.ஆர். என்பார்கள். 'ரெசிடென்ட், ஆனால் சாதாரணமாக ரெசிடென்ட் இல்லை' என்று அர்த்தம்; சட்டம் எழுதினவர்களைத்தான் கேட்க வேண்டும். முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பது ஆண்டுகள் வரிக் கணக்கில் என்.ஆர்.ஐ.யாக இருந்திருந்தாலோ, முந்தைய ஏழு ஆண்டுகளில் இந்தியாவில் இருந்த நாள் 729ஐத் தாண்டாமல் இருந்தாலோ இந்த இடம் உங்களுக்குக் கிடைக்கும். இதில் இருக்கும்வரை இந்தியாவில் வரும் வருமானத்துக்கு எல்லோரையும் போல வரி. வெளிநாட்டில் உண்டாகி வெளிநாட்டிலேயே வாங்கிக்கொள்ளும் வட்டி, வாடகை, ஓய்வூதியக் கணக்கிலிருந்து எடுக்கும் தொகை இவற்றுக்கு இங்கே வரி கிடையாது. இங்கிருந்து நடத்தும் வெளிநாட்டு வியாபாரம் என்றால் மட்டும் கதை வேறு.

கணக்காகவே போட்டுப் பார்ப்போம். இருபது வருஷம் வெளியே இருந்தவர், வருஷத்துக்கு ஒரு மாதம் லீவில் வந்துபோனவர். 2026 ஜூலை 15ஆம் தேதி நிரந்தரமாக வருகிறார் என்று வையுங்கள். மார்ச் 31க்குள் 260 நாள் ஆகிவிடுகிறது. முதல் ஆண்டே ரெசிடென்ட், ஆனால் திண்ணை. அடுத்த ஆண்டும் திண்ணை. மூன்றாவது ஆண்டில் பத்துக்கு எட்டுதான் தேறும். ஏழு வருஷ நாள் கணக்கும் லீவு நாட்களைச் சேர்த்து 729ஐத் தாண்டிவிடும். ஆகவே 2028 மார்ச் 31ஓடு சலுகை முடிந்தது. அதே மனிதர் அந்த வருஷ லீவையும் எடுக்காமல் நவம்பர் 15ஆம் தேதி வந்தால்? மார்ச் 31க்குள் 137 நாள்தான். அந்த ஆண்டு முழுக்க அவர் வரிக்கு என்.ஆர்.ஐ. அதற்குப் பிறகு இரண்டு ஆண்டு திண்ணை. 2029 மார்ச் 31 வரை வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே வரி இல்லை. நான்கு மாதம் தள்ளி வந்ததற்கு ஒரு முழு ஆண்டு கூடுதல். பிள்ளையின் பள்ளி ஜூனில் திறக்கிறது என்றால் அம்மாவும் பிள்ளையும் முதலில் வரலாமே. அப்பா நவம்பரில் வந்தால் போதும். இந்தத் திண்ணைக் காலத்துக்குள் வெளிநாட்டிலிருந்து எதை எடுக்க வேண்டுமோ அதை எடுத்து முடிப்பதுதான் மொத்த வித்தையும்.

இப்போது நாடு நாடாகப் போகலாம். கல்ஃபில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கே பென்ஷன் கிடையாது; 'செட்டில்மென்ட்' மட்டும்தான். ஐக்கிய அரபு அமீரகத்தில் முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு வருஷத்துக்கும் 30 நாள். மொத்தம் இரண்டு வருஷச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. வேலை முடிந்த 14 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். சவுதியில் முதல் ஐந்து வருஷத்துக்கு அரை மாதச் சம்பளம், பிறகு வருஷத்துக்கு ஒரு மாதம்.

அமீரகக் கணக்கில் 'அடிப்படைச் சம்பளம்' என்ற இடத்தில்தான் சூட்சுமம். மாதம் 6,000 திர்ஹம் வாங்குகிறவரின் ஒப்பந்தத்தைப் புரட்டிப் பாருங்கள். பேசிக் 3,000, வீட்டு வாடகைப் படி, போக்குவரத்துப் படி, இதர படி என்று பிரித்திருப்பார்கள். இருபது வருஷம் வேலை பார்த்தால் 105 நாளும் 450 நாளும் சேர்த்து 555 நாள். நாளுக்கு 100 திர்ஹம் வீதம் 55,500 திர்ஹம். டாலருக்கு 3.6725 திர்ஹம் என்பது அவர்கள் நிலையாக வைத்திருக்கும் விகிதம். டாலர் 90 ரூபாய் என்று கொண்டால் சுமார் 13 லட்சத்து 60 ஆயிரம். இருபது வருஷ வெயிலுக்கு அது. இன்னும் வேலையில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: சம்பள உயர்வு பேசும்போது படியை ஏற்றிக் கொடுத்தால் சந்தோஷப்பட்டுவிடாதே, பேசிக்கை ஏற்றித் தரச் சொல். விசாவை கான்சல் செய்வதற்கு முன்பே கிரெடிட் கார்டு பாக்கியையும் கார் கடனையும் அடைத்துவிடச் சொல்லுங்கள். பாக்கி இருந்தால் செட்டில்மென்ட் தொகை வந்து விழும் கணக்கையே வங்கி நிறுத்திவைப்பது அங்கே சகஜம். இன்னொன்று, அந்தத் தொகையை முதலில் அங்குள்ள கணக்கில் வாங்கிக்கொண்டு பிறகு ஊருக்கு அனுப்ப வேண்டும். கம்பெனியிடம் நேராக இந்தியக் கணக்கு எண்ணைக் கொடுத்தால், 'இந்தியாவில் பெறப்பட்ட வருமானம்' என்று வரித் துறை கேட்க வழி பிறக்கும். அங்கே வாங்கி இங்கே அனுப்பினால் அது உங்கள் பணத்தை நீங்களே இடம் மாற்றுவது, அவ்வளவுதான்.

சிங்கப்பூர் வேறு மாதிரி. வெறும் வொர்க் பெர்மிட்டில், எஸ் பாஸில் இருப்பவருக்கு சி.பி.எஃப். கிடையாது. நிரந்தரவாசிக்கும் குடிமகனுக்கும் உண்டு. 1955இல் வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கிய மத்திய சேமநல நிதி அது. 55 வயது வரை சம்பளத்தில் தொழிலாளி 20 சதவீதமும் முதலாளி 17 சதவீதமும் போடுகிறார்கள்; நிரந்தரவாசியான முதல் இரண்டு வருஷம் மட்டும் குறைவு. நம் பி.எஃப்.பைவிடப் பெரிய உண்டியல். இதை முழுதாக உடைக்க வேண்டுமென்றால் பி.ஆர். அந்தஸ்தைத் துறந்து, சிங்கப்பூரையும் மேற்கு மலேசியாவையும் விட்டு நிரந்தரமாகப் போகிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அங்கே வரி பிடிப்பதில்லை. எனவே திண்ணைக் காலத்தில் எடுத்தால் இரண்டு நாட்டிலும் வரி இல்லை. ஆனால் பி.ஆர். போனால் போனதுதான். பிள்ளை அங்கே படித்துக்கொண்டிருக்கிறான், நாளைக்கு நாமும் போய் இருக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் அவசரப்படாதீர்கள். சாதாரணக் கணக்குக்கு 2.5 சதவீதம், சிறப்பு, மருத்துவ, ஓய்வுக்காலக் கணக்குகளுக்கு 4 சதவீதம் குறையாமல் அரசாங்க உத்தரவாதத்தோடு வட்டி வருகிறது. ஊரில் 7 சதவீதம் கிடைக்குமே என்பார்கள். ரூபாய் இறங்குகிற கணக்கையும் சேர்த்துப் போட்டுவிட்டுப் பேசுங்கள்.

அமெரிக்காவில் இரண்டு பணம். ஒன்று சோஷியல் செக்யூரிட்டி. இன்னொன்று கம்பெனி வழியாகச் சேரும் 401(கே). சோஷியல் செக்யூரிட்டி வாங்க 40 கிரெடிட் வேண்டும். வருஷத்துக்கு நான்குக்கு மேல் சேராது. பத்து வருஷ உழைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனி, ஜப்பான், கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளோடு இந்தியாவுக்கு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறது. அமெரிக்காவோடு இல்லை. சம்பளத்தில் 6.2 சதவீதம் பிடித்தம் கொடுத்துவிட்டு, ஒன்பதே கால் வருஷத்தில் 'அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்று கிளம்புகிறவருக்கு அந்தப் பிடித்தம் அத்தனையும் தர்மக் கணக்கு. அம்மாவைப் பார்த்துக்கொள்வது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஒன்பது மாதம் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள் என்கிறேன். நாற்பதை எட்டிவிட்டால், இந்தியாவில் இருந்துகொண்டு வாங்கும் அந்தத் தொகைக்கு இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி அமெரிக்கா மட்டும்தான் வரி போடலாம். இங்கே வரி இல்லை.

401(கே) பற்றித்தான் அதிகம் கேட்பார்கள். 59½ வயதுக்கு முன் எடுத்தால், சில விதிவிலக்குகள் தவிர, வரிக்கு மேல் 10 சதவீதம் அபராதம். சரி, எடுக்காமல் அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்கள். திண்ணைக் காலம் முடிந்ததும் ஒரு சிக்கல் முளைக்கிறது. அந்தக் கணக்குக்குள்ளே வருஷாவருஷம் சேரும் லாபத்துக்கு, கையில் வராவிட்டாலும், இந்தியா அந்தந்த வருஷமே வரி கேட்கலாம். அமெரிக்காவோ எடுக்கும் வருஷத்தில்தான் கேட்கும். ஒரே வருமானத்துக்கு இங்கே 2030இல் வரி, அங்கே 2040இல் வரி; ஒன்றைக் காட்டி மற்றதில் கழிக்க முடியாது. இதற்காகவே 2021 நிதிச் சட்டத்தில் 89ஏ என்று ஒரு பிரிவு கொண்டுவந்தார்கள். அமெரிக்கா, பிரிட்டன், கனடா என்று மூன்று நாடுகளின் ஓய்வூதியக் கணக்குகளுக்கு அது பொருந்தும்படி அறிவித்தார்கள். அந்த நாட்டில் எப்போது வரி வருமோ அப்போதே இங்கும் வரி கட்டுகிறேன் என்று 10-ஈஈ என்ற படிவத்தை, ரிட்டர்னுக்கான கெடு தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஒருமுறை சொன்னால் பின்வாங்க முடியாது. புதிய சட்டத்திலும் இந்தச் சலுகை தொடர்கிறது. பிரிவு எண்ணையும் படிவ எண்ணையும் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிங்கப்பூரும் ஆஸ்திரேலியாவும் அந்தப் பட்டியலில் இல்லை.

பிரிட்டனுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. அங்கே 35 வருஷம் நேஷனல் இன்ஷூரன்ஸ் கட்டினால் முழு அரசு ஓய்வூதியம். குறைந்தது பத்து வருஷம் வேண்டும். இந்தியாவில் இருந்துகொண்டு வாங்கலாம். ஆனால் முதல் மாதம் எத்தனை பவுண்டோ கடைசிவரை அத்தனைதான். அங்கே விலைவாசிக்கு ஏற்ப வருஷாவருஷம் ஏற்றுவார்கள். இந்தியாவுக்கு வந்தவருக்கு ஏற்ற மாட்டார்கள். அமெரிக்காவில் குடியேறின பிரிட்டிஷ் பென்ஷன்காரருக்கு ஏறும், முடிச்சூரில் குடியேறினவருக்கு ஏறாது. நியாயமா என்று கேட்காதீர்கள்; கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கும் வெள்ளைக்காரப் பென்ஷன்காரர்களுக்கே ஏற்றாமல்தான் வைத்திருக்கிறார்கள்.

பின்வரிசையில் ஒரு தம்பி ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். சொல்லுங்க தம்பி. ... சத்தமாகச் சொல்கிறேன், எல்லோருக்கும் கேட்கட்டும். 'சார், எங்க மாமா ஊருக்கு வந்து மூணு வருஷம் ஆச்சு, என்.ஆர்.இ. எஃப்.டி. இன்னும் அப்படியே ஓடுது, வட்டிக்கு வரியும் இல்ல, யாரும் எதுவும் கேக்கல, அப்புறம் ஏன் மாத்தணும்?' நல்ல கேள்வி. இந்த அறையில் இன்னும் பத்துப் பேர் மனசில் இதே கேள்வி இருக்கும். தம்பி மாமா பேரைச் சொல்லிக் கேட்டுவிட்டார்.

என்.ஆர்.இ. என்பது வெளியே வசிப்பவர் இங்கே வைக்கும் ரூபாய்க் கணக்கு. அதன் வட்டிக்கு வரிவிலக்கு என்பது ஃபெமாப்படி வெளிநாட்டில் வசிப்பவருக்கு மட்டும். நான் முன்பே சொன்னேன், ஃபெமா உங்களை ரெசிடென்ட் ஆக்குவது இறங்கிய அன்றைக்கே. மார்ச் 31 வரைகூட அவகாசம் இல்லை. அன்றிலிருந்து அந்த வட்டி வரிக்கு உட்பட்டது. திண்ணை இதற்கு உதவாது, ஏனென்றால் இது இந்திய வங்கியில் வரும் இந்திய வருமானம். வந்ததும் வங்கிக்குச் சொல்லி அதை உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும், அல்லது ஆர்.எஃப்.சி. என்கிற வெளிநாட்டு நாணயக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். யாருக்குத் தெரியும் என்கிறீர்கள். கே.ஒய்.சி. புதுப்பிக்க வரும்போது கவுன்ட்டரில் விசா நகல் கேட்பார்கள். மாமாவின் விசா காலாவதியாகி மூன்று வருஷம் என்பது அங்கே தெரிந்துவிடும். ஃபெமாவை மீறினால் தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம் போட சட்டத்தில் இடமிருக்கிறது. எல்லோருக்கும் போடுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. போடலாம் என்று எழுதியிருக்கிறது. மாமாவை இந்த வாரமே போகச் சொல்லுங்கள்.

வெளிநாட்டுக் கணக்கும் இப்படித்தான். 2017இலிருந்து நாடுகள் ஒன்றுக்கொன்று வங்கிக் கணக்கு விவரங்களைத் தாமாகவே அனுப்பிக்கொள்கின்றன. அமெரிக்காவோடு தனி ஏற்பாடு அதற்கு முன்பே வந்துவிட்டது. திண்ணையில் இருக்கும்வரை ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்ப வேண்டியதில்லை. முழு ரெசிடென்ட் ஆன முதல் ஆண்டிலிருந்து ஒவ்வொரு கணக்கையும் காட்ட வேண்டும். காட்டாமல் விட்டால் 2015ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம். அசையாச் சொத்து தவிர மற்றவை மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் இந்த அபராதம் வேண்டாம் என்று 2024 அக்டோபரிலிருந்து தளர்த்தியிருக்கிறார்கள். வெளிநாட்டில் சம்பாதித்த சொத்தை அங்கேயே வைத்திருப்பது குற்றமா என்றும் சிலர் பயப்படுகிறார்கள். குற்றமில்லை. வெளியே வசித்த காலத்தில் வாங்கிய பணம், பங்கு, வீடு எதையும் திரும்பி வந்த பிறகும் வைத்துக்கொள்ள ஃபெமாவின் 6(4) பிரிவு அனுமதிக்கிறது. மறைப்பதுதான் குற்றம்.

கிளம்புவதற்கு முன் செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு, பலர் கோட்டைவிடுவது. எஃப்.சி.என்.ஆர். டெபாசிட் என்று ஒன்று இருக்கிறது. டாலராகவோ பவுண்டாகவோ ஒரு வருஷம் முதல் ஐந்து வருஷம் வரை போடலாம். இதை என்.ஆர்.ஐ.யாக இருக்கும்போதுதான் தொடங்க முடியும். தொடங்கிவிட்டு ஊருக்கு வந்தால், முதிர்வு வரை அதே வட்டியில் அப்படியே ஓட விடுவார்கள். திண்ணைக் காலத்தில் அந்த வட்டிக்கு வரி இல்லை. முதிர்ந்ததும் ஆர்.எஃப்.சி.க்கு மாற்றிக்கொண்டால் டாலர் டாலராகவே இருக்கும். பிள்ளையின் படிப்புக்குத் திருப்பி அனுப்பவும் தடையில்லை. டாலர் 2013 ஆகஸ்டில் 68 ரூபாயைத் தொட்டது. 2022இல் 80. 2025 டிசம்பரில் 90ஐத் தாண்டியது. அதற்காக எல்லாவற்றையும் டாலரில் போட்டுக் காத்திருங்கள் என்றும் சொல்ல மாட்டேன். மளிகைக் கடையில் ரூபாய்தான் கேட்கிறார்கள். ஐந்தாறு வருஷச் செலவுக்கு ரூபாய், மிச்சம் மெதுவாக.

இந்த ஊர் விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் பார்த்துத்தான் பேச வேண்டும். 2023-24இல் இந்தியாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பணத்தில் 10.4 சதவீதம் தமிழ்நாட்டுக்கு வந்தது என்று ரிசர்வ் வங்கியின் ஆய்வு சொல்கிறது. அந்தப் பணம் எங்கே போயிற்று என்று தெரிந்துகொள்ள மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் சாலையில் வண்டலூர் வெளிவட்டச் சாலை வரை ஒரு தடவை வண்டியில் போய்வந்தால் போதும். கிரானைட், கண்ணாடி பால்கனி, மூன்று மாடி, கீழே பூட்டிய கேட். செட்டில்மென்ட், சி.பி.எஃப்., 401(கே) எல்லாம் சிமென்ட்டாகி நிற்கிறது. 2015 டிசம்பர் 1ஆம் தேதி தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாறு பொங்கி வரதராஜபுரத்திலும் முடிச்சூரிலும் தரைத்தளம் முழுகியதை இங்கே பார்த்தவர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. படகில் ஏறும்போது வீட்டுப் பத்திரத்தை மட்டும் எடுத்துக்கொள்ள முடிந்தது. வீட்டை எடுத்துக்கொள்ள முடியவில்லை. அதற்குப் பிறகு கால்வாய்களை அகலப்படுத்தினார்கள், ஒத்துக்கொள்கிறேன். என் வாதம் மழையைப் பற்றியது இல்லை. எழுபது வயதில் முழங்கால் ஆபரேஷனுக்கு மூன்று லட்சம் வேண்டுமென்றால் மாடிப்படியை விற்க முடியாது. குடியிருக்க ஒரு வீடு வேண்டும், கட்டுங்கள். இரண்டாவது மனையை வாங்கும் முன் மாதாமாதம் கையில் என்ன வரும் என்று பாருங்கள்.

அந்த மாத வருமானத்துக்கு நான் முதலில் அனுப்பிவைப்பது தபால் ஆபீஸுக்குத்தான். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். அறுபது வயது ஆனவருக்கு. 2023 பட்ஜெட்டில் வரம்பை 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக்கினார்கள். அந்த ஏப்ரலில் வட்டி 8.2 சதவீதமாயிற்று. அந்த விகிதத்தில் 30 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய். கணவன், மனைவி இருவரும் அறுபதைத் தாண்டியிருந்தால் ஆளுக்கு 30 லட்சம். என்.ஆர்.ஐ. போட முடியாது, திரும்பி வந்தவர் போடலாம். வட்டிக்கு வரி உண்டு, மறந்துவிடாதீர்கள். ஐந்து வருஷம் ஓடும், பிறகு மூன்று வருஷம் நீட்டிக்கலாம். வங்கி டெபாசிட் போடுகிறவர்கள் ஒரு வங்கிக்கு 5 லட்சம் வரைதான் காப்பீடு என்பதை மனதில் வைத்துப் பிரித்துப் போடுங்கள்.

கடைசியாக, சொல்லப் பிடிக்காத ஒன்று. அமெரிக்காவில் கணக்கை விட்டுவிட்டு வந்தவர் இங்கே காலமாகிவிட்டால் என்ன ஆகும்? குடிமகனாகவோ அங்கே நிரந்தரமாகக் குடியிருப்பவராகவோ இல்லாதவரின் அமெரிக்கச் சொத்தில் 60,000 டாலருக்கு மேற்பட்டதற்கு அந்த நாடு மரண வரி போடும். விகிதம் 40 சதவீதம் வரை போகும். நாம் 1985இலேயே அப்படி ஒரு வரியை ஒழித்துவிட்டதால் நமக்கு அந்த ஞாபகமே இல்லை. அங்கே ஒரு லட்சத்து இருபதாயிரம் டாலர் 401(கே) வைத்திருக்கும் முடிச்சூர்வாசியின் மனைவி, கணவரின் பதினாறாம் நாள் முடிந்ததும் அமெரிக்க வரித் துறைக்குப் படிவம் நிரப்ப வேண்டியிருக்கும். அதைவிடப் பெரிய கஷ்டம் உள்ளே நுழைவதுதான். ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் அங்குள்ள சிம்மை ரத்து செய்துவிடுகிறார்கள். ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் போகும். மாதம் சில டாலர் கட்டி அந்த எண்ணை உயிரோடு வைத்திருங்கள், அல்லது கிளம்பும் முன்பே எல்லாக் கணக்கிலும் இந்திய எண்ணை ஏற்கிறார்களா என்று பார்த்து மாற்றுங்கள். எந்த நாட்டில் எந்தக் கணக்கு, நாமினி யார் என்று ஒரு தாளில் எழுதி வீட்டம்மாவிடம் கொடுங்கள். பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளாதீர்கள்.

நேரம் ஆகிவிட்டது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கேள்வி இருப்பவர்கள் அப்படியே உட்காருங்கள், ஒவ்வொருவராகப் பார்க்கலாம். ஆனால் பாஸ்போர்ட் இல்லாமல் என்னிடம் நாள் கணக்குக் கேட்காதீர்கள். பழைய பாஸ்போர்ட்டும் வேண்டும், கடந்த பத்து வருஷத்து முத்திரைகள் அதில்தான் இருக்கும். தானியங்கி வாசல் வழியாகப் போய் முத்திரை விழாதவர்கள் டிக்கெட்டையோ போர்டிங் பாஸையோ தேடி எடுத்துக்கொண்டு வாருங்கள். முதலில் தம்பியின் மாமா வந்திருக்கிறாரா? இல்லையா? சரி, முன்வரிசையில் அந்த அம்மா கேட்கட்டும்.